பதநீர் அடுப்பும் பீர் ஸ்டாண்டும்



அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு பட்டறைக்குப் போய், "அண்ணே, மூணு தட்டு வச்ச இரும்பு ஸ்டாண்டு ஒண்ணு வேணும். தட்டுக்கு ஒரு அம்பது லிட்டர் பாத்திரம் நிக்கணும், அடியில கேஸ் பர்னர் வரணும்"னு சொல்லிப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள படம் போட்டு விலை சொல்லிடுவாங்க. எதுக்குன்னு கேட்பாங்க. "வீட்ல பீர் காய்ச்ச" என்று சொன்னால் முதல் தடவை சிரிப்பாங்க. இரண்டாவது தடவையும் அதையே சொன்னா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாங்க.

இதே ஸ்டாண்டு அமெரிக்காவில் கார் ஷெட்டுக்குள் பிறந்து, கடைக்குப் போய், கம்பெனியாக வளர்ந்த சரக்கு. மேல் தட்டில் வெந்நீர், நடுத்தட்டில் முளைகட்டி அரைத்த பார்லி ஊறும் பாத்திரம், கீழ்த்தட்டில் அந்தச் சாற்றைக் கொதிக்க வைக்கும் பாத்திரம். மோட்டார் வேண்டாம், பம்ப் வேண்டாம். மேலே இருப்பது கீழே இறங்கும், அவ்வளவுதான். நம்ம ஊரில் மேட்டுக் கழனித் தண்ணி பள்ளக் கழனிக்குப் பாயுற அதே கணக்கு.

அங்கே மட்டும் எப்படி வளர்ந்தது, இங்கே ஏன் ஒரு கலயமும் ஒரு மண் அடுப்புமாவே நின்னுபோச்சு என்பதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். நான் திருமழிசை தாண்டி விவசாயம் பண்றவன். குடிக்கிறதுக்கு ஆதரவாவும் எதிராவும் எழுதலை. இது பாத்திரத்தோட கதை.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இது குற்றம்தான். 1920-ல் வந்த மதுவிலக்கை 1933-ல் எடுத்தார்கள். வீட்டில் ஒயின் செய்ய வழி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷம் அப்படியே ஓடியது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்படி ஒரு வீட்டில் ரெண்டு பெரியவங்க இருந்தா வருஷத்துக்கு 200 கேலன், அதாவது ஏறக்குறைய 750 லிட்டர், வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். விற்கக் கூடாது. இங்கிலாந்துக்காரன் அதுக்கு முன்னாடியே, 1963-ல், வீட்டுக் காய்ச்சலுக்கு இருந்த லைசென்ஸை எடுத்துவிட்டான்.

ஜாக் மெக்காலிஃப் என்று ஒருத்தர். அமெரிக்கக் கடற்படையில் மெக்கானிக். ஸ்காட்லாந்தில் வேலை பார்த்தபோது அங்கே குடித்த பீர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பி 1976-ல் கலிபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்று ஒரு சின்ன ஆலை போட்டார். வாங்குவதற்குச் சின்ன மெஷினே கிடையாது, எல்லாம் பெரிய கம்பெனி அளவு. அதனால் 55 கேலன் டிரம்மை வாங்கி, வெட்டி, வெல்டு வைத்து, மேலிருந்து கீழே இறங்குகிற மாதிரி அவரே கட்டினார். 1982-ல் ஆலையை மூடிட்டார். அதே கலிபோர்னியாவில் கென் கிராஸ்மன் என்பவர் சிகோ ஊரில் வீட்டுக் காய்ச்சலுக்குச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். பால் பண்ணைகளில் கழித்துக்கட்டிய ஸ்டீல் டேங்குகளைத் தேடித்தேடி வாங்கி, வெல்டிங் கற்றுக்கொண்டு, 1980-ல் முதல் பீர் காய்ச்சினார். அந்த சியரா நெவாடா இன்று அமெரிக்காவின் பெரிய பீர் கம்பெனிகளில் ஒன்று.

கழித்துப் போட்ட பால் டேங்கு, டிரம்மு, வெல்டிங் ராடு. இது அம்பத்தூரில் இல்லாததா? ஆவடிப் பக்கம் கிடைக்காததா? 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தாச்சு. 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. எங்க சுத்துப்பட்டு கிராமங்களில் ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைகள் லேத்தும் வெல்டிங்கும் கற்றது அங்கேதான். டாங்கிக்கு உதிரிபாகம் கடையுற கைக்கு ஒரு கொப்பரை அடிக்கத் தெரியாமப் போகுமா?

தெரியும். ஆனா நம்ம ஊர் சட்டம் குடித்தவனை மட்டும் பார்க்கவில்லை, பானையையும் பார்த்தது.

கொஞ்சம் பின்னாடி போகணும். வெள்ளைக்காரன் 1886-ல் மெட்ராஸ் அப்காரிச் சட்டம் கொண்டுவந்தான். அதுக்கப்புறம் மரத்துக்கு வரி, மரத்தில் நம்பர், கடைக்கு ஏலம். சாராயம் காய்ச்சுவது குத்தகை எடுத்த பெரிய வடிசாலைகளின் கைக்குப் போனது. ஊரில் வீட்டுப் பக்கம் காய்ச்சியது அன்றைக்கே திருட்டு வேலை ஆகிவிட்டது. இதைச் செய்தது காந்தி இல்லை, ராஜாஜி இல்லை. கஜானாவுக்காக வெள்ளைக்காரன் செய்தது. அவனுக்குக் குடி நிற்க வேண்டாம், கணக்கு ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

அவனுக்கு வேண்டிய பீருக்கு வேற ஏற்பாடு. பூந்தமல்லி ஒரு காலத்தில் பட்டாளம் இருந்த ஊர். பட்டாளத்துக்குப் பீர் இல்லாமல் ஆகாது. சென்னை வெயிலில் பீர் காய்ச்சினால் புளிச்ச தண்ணிதான் மிஞ்சும், அதனால் குளிர்ந்த இடமாப் பார்த்து நீலகிரிக்கு ஏறினார்கள். 1857-லேயே அங்கே காசில் புரூவரி வந்துவிட்டது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நீலகிரி, பெங்களூர் ஆலைகளையெல்லாம் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் என்று ஆக்கினார். பெரிய மரப் பீப்பாயில் அடைத்து மாட்டு வண்டியில் ஏற்றி ராணுவத்துக்கு அனுப்பினார்கள். மாட்டு வண்டி நம்மளுது, பீர் அவனுது.

அடுத்து ராஜாஜி. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. போன வருமானத்துக்கு ஈடு கட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். இன்னிக்கு நீங்க உரத்துக்கும் பைப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டும்போது அதோட கொள்ளுத்தாத்தா யாருன்னு நினைச்சுக்குங்க. 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்: 1971-ல் கலைஞர் திறந்தார், 1973, 74-ல் அவரே மூடினார், 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 2003 கடைசியில் சில்லறைக் கடையே அரசாங்கத்தோடது ஆயிடுச்சு.

இவ்வளவு மாறியும் 1937 சட்டத்தில் ஒரு வரி மட்டும் அசையாமல் நிக்குது. கள் இறக்கவோ மது செய்யவோ உதவும் பொருள், வடிகலன், பாத்திரம், கருவி எதை வைத்திருந்தாலும் குற்றம். குடிக்க வேண்டாம், விற்க வேண்டாம், கருவி கையில் இருந்தாலே போதும். போலீஸ் பார்வையில் இது சரியான வரிதான், ஊறல் கிடைக்காட்டியும் அடுப்பை வைத்துப் பிடிக்கலாம். ஆனால் ஒரு கைத்தொழில்காரன் பக்கம் நின்று பாருங்க. எதைச் செய்தால் எந்தப் பிரிவில் வரும் என்று தெரியாதவன் புதுசா ஒண்ணும் செய்ய மாட்டான். செய்தாலும் வெளியே காட்ட மாட்டான். காட்டாத பொருளை அடுத்தவன் பார்த்துத் திருத்த முடியாது. காட்டுக்குள்ள ஒளிச்சு வச்ச பானையில என்ன டிசைன் வரும்? உடைச்சா நஷ்டம் இல்லாத பானையா இருக்கணும், அதுதான் ஒரே டிசைன்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டது பனையேறிகள்.

மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, அரிவாள் ஒண்ணு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் காலையில் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் அது கள். காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயம் ஆக்க ஆரம்பித்துவிடும், மரத்தில் இருந்து இறக்கும் முன்னாடியே. சுண்ணாம்பின் காரம் அந்த ஈஸ்டை வேலை செய்ய விடாது. சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு விரல் நகக்கனம் சுண்ணாம்புப் பூச்சு. வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தக் கோடு போட்டாச்சு. சுண்ணாம்பு பூசியிருந்தால் "இனிப்புக் கள்", அதற்கு வேற கணக்கு.

மதுவிலக்கு வந்தபோது காந்தி வழியில் நின்றவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கள் இறக்கியவனிடம் "நிறுத்து" என்று மட்டும் சொன்னால் அவன் என்ன சாப்பிடுவான்? 1934-ல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில் நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா இருந்தார். கரும்புக்கு நல்ல நஞ்சையும் தண்ணியும் வேண்டும், பனைக்கு வரப்பும் ஏரிக்கரையும் போதும், அதனால் வெல்லம் பனையில் இருந்து வரட்டும் என்பது அந்தக் கூட்டத்தின் வாதம். விவசாயியா சொல்றேன், இதைவிடத் தெளிவான நிலக் கணக்கை நான் படிச்சதில்லை. கஜானன் நாயக் என்பவர் பனைவெல்லத்துக்கென்றே வாழ்க்கையைக் கொடுத்தார். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. நமக்குப் பக்கத்திலேயே மாதவரத்தில் கதர் வாரியத்தின் மத்திய பனைவெல்ல நிறுவனம் இருக்கு, எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கோம்?

சரி, அப்படியிருந்தும் அடுப்பு ஏன் மாறலை?

தெற்கே விடிலி என்று ஒரு ஓலைக் கொட்டகை போட்டு அதற்குள் பதநீர் காய்ச்சுவார்கள். எங்க பக்கம் வீட்டுப் பின்புறம். ஏறுவது ஆம்பளை, காய்ச்சுவது பெரும்பாலும் பொம்பளை. எட்டு லிட்டர் பதநீர் வற்றினால் சுமாரா ஒரு கிலோ வெல்லம். மீதி ஏழு லிட்டர் தண்ணியும் ஆவியாப் போகணும், அதுக்கு விறகு எரியணும், அதுக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்காரணும். பொங்கி வழியும்போது ஆமணக்கு விதையை இடித்துப் போட்டு நுரையை அடக்கணும். கடைசியில் பாகு பதம் வந்ததா என்று தண்ணியில் சொட்டு விட்டுப் பார்த்து, கொதிக்கிற சட்டியைத் துணி பிடித்துத் தூக்கி, சிரட்டை சிரட்டையா ஊத்தணும். இந்தத் தூக்கும் வேலையில்தான் கையும் காலும் வெந்துபோகும். பனைவெல்லம் காய்ச்சிய பாட்டிமார் முழங்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதை மாற்ற ராக்கெட் வேண்டாம். ஒரு ஸ்டாண்டு போதும். அதை முதலில் அடித்து, ஊர் ஊராக விற்று, ஒவ்வொரு ஊர்க்காரனும் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்தும் ஒரு பட்டறைக்காரன் வேண்டும். அமெரிக்காவில் 2007-ல் டெக்சாஸ்காரர் ஒருத்தர் பம்ப் வைத்த ஒரே மட்ட பீர் ஸ்டாண்டுக்கான படத்தை ஒரு வீட்டுக் காய்ச்சல் இதழில் போட்டார். அதைப் பார்த்து ஷெட்டுக்கு ஷெட் வெல்டு வைத்தார்கள், ஆளுக்கு ஒரு திருத்தம். இங்கே குழாய் வைத்த பெரிய பாத்திரத்தை வேனில் ஏற்றினாலே "என்னய்யா இது"ன்னு கேட்பாங்க.

என்னிடமும் கேட்டாங்க. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, நானும் என் மச்சானும் சேர்ந்து அடித்த ஸ்டாண்டைச் சொல்லிடறேன். மச்சானுக்கு அம்பத்தூரில் சின்ன பட்டறை. ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் டியூப், மூணு தட்டு, கால் நாலும் அடியில் அகண்டு நிற்கும். நாற்பது லிட்டர் பதநீர் நாற்பது கிலோவுக்கு மேல, கொதிக்கும்போது ஆடவே கூடாது.

மேல் பாத்திரத்தில் வடிகட்டிய பதநீர். சுண்ணாம்பை எடுக்கச் சூப்பர் பாஸ்பேட் போடும் வழக்கம் உண்டு, அது வினைபுரிந்து அடியில் படியும். அதனால் குழாயை அடிமட்டத்தில் வைக்காமல் ரெண்டு இஞ்ச் மேலே வைத்தோம். தெளிவு மட்டும் இறங்கும், வண்டல் நிற்கும். நடுத்தட்டில் வாய் அகன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொப்பரை. குண்டாப் பானையில் காய்ச்சினால் ஆவி மெதுவாப் போகும், விறகு தண்டம். அகலமா, ஆழம் கம்மியா இருக்கணும். பாத்திர ஒட்டு எல்லாம் ஆர்கான் வெல்டிங், சாதாரண ராடு வைத்தால் அந்த இடத்தில் துரு வந்து வெல்லம் கறுக்கும். கொப்பரைக்கு ஒரு பக்கம் அச்சு வைத்து, கைப்பிடியை இறக்கினால் அதுவே சாய்ந்து மூக்கு வழியாப் பாகை ஊத்தும். யாரும் தூக்க வேண்டாம். கீழ்த்தட்டில் சிரட்டை வரிசை. கேஸ் பர்னரும் வைக்கலாம், கழட்டிவிட்டு விறகுப் பெட்டியும் சொருகலாம்.

ஒண்ணு மட்டும் வேணும்னே வைக்கலை: மூடி. எந்தப் பாத்திரத்துக்கும் மூடி பொருந்தும் விளிம்பு கிடையாது. கொப்பரை வாயை அடைக்க முடியாத மாதிரி மூக்கு வைத்த விளிம்பு. ஆவியைப் பிடிக்க முடியாத பாத்திரத்தில் சாராயம் வடிக்க முடியாது. ஒரு விவசாயக் கருவியில் இதை நான் வைத்தது வேலைக்காக இல்லை, சட்டத்துக்காக.

முதல் ஸ்டாண்டு எங்க ஊரிலேயே நிக்குது. அப்புறம் நாலு வித்தோம். விக்கிரவாண்டிப் பக்கம் ஒண்ணைக் கொண்டு போகும்போது வழியில் ஒரு இடத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். "இதுல என்ன காய்ச்சுவீங்க?" பதநீர் சார். "பதநீருக்கு எதுக்குய்யா டேப்பு?" சுண்ணாம்பு, வண்டல், தெளிவு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறலை. மூடி எங்கே என்று கேட்டார். மூடி கிடையாது சார், போடவும் முடியாது, நீங்களே பாருங்க என்றேன். கொப்பரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூணு மணி நேரம் கழித்து விட்டார்கள். அன்றையிலிருந்து பில்லில் "பனைவெல்லம் காய்ச்சும் அடுப்புத் தாங்கி, மூடியற்றது" என்று அடித்தே கொடுக்கிறோம். மச்சான் சிரிக்கிறான், மூடி இல்லைன்னு பில்லு போட்டு விக்கிற ஒரே கம்பெனி நம்மதான் மாமா என்று.

இந்தப் பார்வை எங்கே இருக்கணும், எங்கே இருக்கு என்பதுதான் என் ஆத்திரம். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். கொன்றது ஊறலோ கள்ளோ இல்லை, மெத்தனால். அது பனை மரத்தில் இறங்காது, மண் பானையில் ஊறாது. ஆலைக்கு டேங்கரில் வருவது. 2023-ல் அந்தச் சரக்கு கிளம்பியது நம்ம பூந்தமல்லி ரோட்டு மேல இருக்கிற வானகரத்து ரசாயனக் கம்பெனி ஒன்றிலிருந்து என்று போலீசே சொன்னது. ஆயிரக்கணக்கான லிட்டர் ரசாயனம் போகிற ரோட்டில், கருப்பட்டிக் கொப்பரைக்கு மூடி இருக்கா என்று தேடுகிறோம்.

கள்ளைத் திறக்கணும் என்று கள் இயக்கம் நல்லசாமி போன்றவர்கள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். அதில் எனக்கு அரைகுறை மனசுதான், குடும்பம் அழிந்ததையும் பார்த்திருக்கேன். ஆனால் பதநீருக்கும் வெல்லத்துக்கும் கருவி செய்கிறவனைச் சந்தேகப்படாமல் இருக்க எந்தத் தடையையும் திறக்க வேண்டியதில்லை. 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை நடுவோம், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது, ரேஷன் கடையில் பனைவெல்லம் என்று சொன்னார்கள். நல்ல விஷயம். விதைத்த பனை பாளை விட பதினஞ்சு இருபது வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஏறத் தெரிந்தவன் இருக்கணும், காய்ச்சத் தெரிந்தவள் இருக்கணும். எங்க ஊரில் ஏறுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் பையன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் ஏறுகிறான், அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

ஸ்டாண்டு கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம். மாசி, பங்குனியில் சீசன் சூடு பிடிச்சப்புறம் கேட்டா பட்டறையில் ஆள் கிடைக்காது, தை முடியறதுக்குள்ள சொல்லுங்க. இப்ப அடிக்கிற ஸ்டாண்டுல நடுத்தட்டு நாலு இஞ்ச் கீழே வரும். விக்கிரவாண்டியில் காய்ச்சுகிற அக்கா போன் பண்ணி, "தம்பி, நீ ஆம்பள உசரத்துக்கு அடிச்சுட்ட, நாங்க உக்காந்து கிண்டணும்"னு சொல்லிட்டாங்க.